கடைமடைக்கு வந்த தண்ணீர்

அப்பா,

இன்று வகுப்பில் கடலோரத் தாழ்நிலமான ஒரு நாட்டைப் பற்றிப் படித்தோம். ஆறுகள் கொண்டுவரும் வண்டலால்தான் அங்கே வயல்கள் விளைகின்றன என்ற வரியை வாசித்ததும் எனக்குச் சேற்றின் வாசனை வந்தது. உங்கள் வயல் தெரிந்தது.

நல்லூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் நீங்கள். ஆனால் மேட்டூர் அணை திறந்த செய்தி வந்ததும் வேறு ஆளாகிவிடுவீர்கள். நாகப்பட்டினத்துப் பக்கம், கடலுக்குச் சற்று முன்னால், வாய்க்கால் முடியும் இடத்தில் நம் வயல். கடைமடை. எல்லா ஊரையும் நனைத்துவிட்டுத் தண்ணீர் கடைசியாக அங்கே வரும். சில வருடம் வராது. போர் போட்டால் உப்புத் தண்ணீர். ஆற்றை விட்டால் வேறு வழியில்லை.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. இரண்டு நாளில் தண்ணீர் வராவிட்டால் நாற்று கருகிவிடும் என்று சித்தப்பா போன் செய்தார். கம்பெனியில் சரக்கு அனுப்பும் ஷிப்மெண்ட் நேரம். "ரெண்டே நாளுங்க" என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி, என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஊரில் இறங்கியதும் உங்கள் பேச்சிலிருந்து அந்த நல்லூர் 'ங்க' காணாமல் போனது.

இரண்டாம் நாள் காலை சித்தப்பா கரைமேல் ஓடிவந்தார். "அண்ணே, தண்ணி வந்துட்டு!"

காய்ந்த வாய்க்காலில் பழுப்பாக, நுரையோடு, சருகுகளைத் தள்ளிக்கொண்டு அது வந்தது. நீங்கள் இறங்கி இரண்டு கையாலும் அள்ளினீர்கள். நல்லூர்ப் பக்கம் சாயக்கழிவு ஓடும் நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்த நான் அலறினேன். "தொடாதீங்கப்பா, சாயத்தண்ணி!"

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆத்தப் பாத்துப் பயப்படுற புள்ளய எங்கேருந்துண்ணே புடிச்சிட்டு வந்த?"

நீங்கள் சிரிக்கவில்லை. "சாயம் இல்ல தாயி, வண்டல். இது படிஞ்சாத்தான் சோறு. எறங்கி வா" என்று கையை நீட்டினீர்கள்.

நான் வரவில்லை. பாவாடையில் கறை பிடிக்கும் என்று கரையிலேயே நின்றேன். நீங்கள் தனியாகப் போய் மடையைத் திறந்தீர்கள். வெடிப்புகள் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கரைவரை கேட்டது. நாற்று பிழைத்துக்கொண்டது.

திரும்பும் பஸ்ஸில் உங்கள் நகக்கண்ணில் சேறு காய்ந்திருந்தது. எனக்குப் பிடிக்காதோ என்று, நல்லூரில் இறங்கும்வரை கையை மடக்கியே வைத்திருந்தீர்கள். அதை நான் கவனித்தேன் அப்பா.

நீங்கள் இறந்துபோனபின் இரண்டு முறை தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு முறையும் போனேன். நீங்கள் நின்ற இடம் எது என்று சித்தப்பாவிடம் கேட்டு, அங்கேயே இறங்கினேன். முழங்கால்வரை சேறு.

வெதுவெதுப்பாக இருந்தது அப்பா.