கொய்யா மரத்தடியில் கௌதாரிகள்

மே 7, செவ்வாய்

காலையிலேயே அனல். கிணற்றில் தண்ணீர் இன்னும் ஒரு முழம் இறங்கிவிட்டது. கொய்யா மரத்தில் குருவிகளுக்குக் கட்டிய தகரத் தட்டில் நொய் போட்டேன். கீழே சிந்தியதைப் பொறுக்க ஒரு ஜோடி கௌதாரி! மலையடியில் கத்திக் கேட்டதுண்டு. கொல்லைக்குள் வந்ததில்லை. தாகம் போலும். பானை ஓட்டில் தண்ணீர் வைத்தேன்.

மே 9, வியாழன்

இன்று குஞ்சுகளோடு. ஏழு. கோழிக்குஞ்சில் பாதிகூட இல்லை. பெட்டை எறும்பைக் கொத்திக் காட்டுகிறது. சேவல் துவைக்கிற கல் மேல், கழுத்தை நீட்டிக் காவல். காக்கை நிழல் விழுந்ததும் ஒரே ஒரு குரல். ஏழும் மண்ணோடு மண். கண்ணெதிரே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

சேவலின் மார்பில் வரிகள், மெல்லிய பேனாவால் இழுத்த மாதிரி.

மார்க்கெட்டில் கொழுந்தன் தேவராஜ். கௌதாரி வந்ததைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

மே 12, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்தால் கொல்லையில் தேவராஜ். கையில் கோணிப்பை, உள்ளே ஏதோ துடிக்கிறது.

"அண்ணி, கண்ணியில சேவல் மாட்டிக்கிச்சு. பெட்டையும் மாட்டினா கொழம்புக்கு ஆவும்."

"நான் தண்ணி வெச்சி வரவெச்சது. அவுத்து வுடு."

"காட்டுப் பட்சி அண்ணி. ஊரே துன்னுது."

என் வீட்டுக்காரர் வாசற்படியில். செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பையைப் பிடுங்கி நானே அவிழ்த்தேன். பறந்துவிடும் என்று நினைத்தேன். பறக்கவில்லை. குஞ்சுகள் பதுங்கியிருந்த கள்ளிப் புதரைப் பார்த்து நொண்டிக்கொண்டே ஓடியது.

தேவராஜ் சாப்பிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மே 13, திங்கள்

கௌதாரிகள் வரவில்லை. நாலு தடவை எட்டிப் பார்த்தாயிற்று.

"தம்பி மூஞ்சியத் தூக்கிக்கினு பூட்டான்," என்றார் அவர்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க. கோழி அடிச்சி ஆக்கிப் போடறேன்."

"கௌதாரி பாவம், கோழி பாவமில்லியா?"

கோழியும் பாவம்தான். ஆனாலும் நம்பி வந்ததைப் பிடிக்கலாமா?

ரேஷன் கார்டு தேட வேண்டும்.

மே 14, செவ்வாய்

லேசான மேகம். மழை இல்லை. முதலில் பெட்டை. பின்னால் குஞ்சுகள். ஜன்னலிலிருந்து எண்ணினேன், ஆறு. மறுபடியும் எண்ணினேன், ஆறுதான்.

"ஏழு. ஓட்டுக்குப் பின்னால ஒண்ணு குடிச்சிக்கினு கீது பாரு." என் தோளுக்குப் பின்னால் அவர்.

கடைசியில் சேவல். இடது காலை ஊன்ற முடியவில்லை. ஒற்றைக் காலில் எம்பி எம்பிக் கல் மேல் ஏறிவிட்டது. எல்லாம் குடித்து முடிக்கும் வரை இறங்கவே இல்லை. என்ன பிறவி!

எட்டு மணி ரேணிகுண்டா பஸ்ஸுக்கு இவர்தான் டிரைவர். இப்போது ஏழே முக்கால். காக்கிச் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு இன்னும் ஜன்னலிலேயே நிற்கிறார்.