நீ தாண்டிய கயிற்றில் பழி இல்லை

என் கண்ணுக்குள்ள இருக்கிற சலேத்து,

நான் சொல்லுதேன், நம்ம மக ரஞ்சிதம் எழுதுதா. எனக்குத்தான் எழுத்து வராதே. இதைக் கோயில் பத்திரிகையில போடச் சொல்லியிருக்கேன். ஊர் வாசிக்கட்டும். உன்னைப் பேசினது ஊர்தானே.

உடம்பு ஓய்ஞ்சு போச்சு. கடல்ல முங்கிச் சங்கு எடுத்த நெஞ்சு, இப்ப கோயில் படி ஏறவே இரைக்குது. புதுத் துறைமுகத்துல பெரிய பெரிய கப்பல் வந்து நிக்குது. மகன் அங்கனதான் வேலைக்குப் போறான். அவன் பொண்டாட்டி ஜெயமணி முழுகாம இருக்கா.

போன வாரம் அவ முற்றத்துல கிடந்த, நான் கடல்ல முங்கப் பிடிச்சு இறங்குன பழைய குளிகயித்தைத் தாண்டிட்டா. எங்கக்கா, உன் மதினி, பார்த்துட்டா. "ஏளா! பிள்ளைத்தாச்சி குளிகாரன் கயித்தைத் தாண்டலாமா? சலேத்து தாண்டினதாலதான் அவ மூத்த பிள்ளை கழுத்து நிக்காமலே செத்துப் போச்சு. நீயும் அதையே செய்யுதியா?" அன்னைக்கிலருந்து ஜெயமணிக்குச் சோறு இறங்கல.

ரஞ்சிதம் இப்ப மதராசு காலேஜ்ல எலிக்குஞ்சு மூளையை ஆராயுற வேலையில இருக்கா, உனக்குத் தெரியுமா? லீவுக்கு வந்தவ அத்தையை உட்கார வச்சுச் சொன்னா. வயித்துக்குள்ள மூளை வளரும்போது அதோட செல்லெல்லாம் பிறந்த இடத்தை விட்டுத் தன் இடத்துக்கு நகர்ந்து போகணுமாம். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல கொழகொழன்னு ஒரு பிசின். புரதமும் சர்க்கரையும் சேர்ந்தது. அதுக்குள்ளாடிதான் போக்கு. அது சரியில்லைன்னா செல்லு வழி தப்பி, பிள்ளைக்குக் கழுத்து நிக்காமப் போகலாம்னு நினைக்காங்களாம்.

"கடலுக்கடியில கல்லுத்தரை இருக்குமே, முத்துப்பார். சிப்பிக்குஞ்சு அலைஞ்சு வந்து அதுல ஒட்டும். அது மாதிரியா?"ன்னேன்.

சிரிச்சா. "பாதி சரிப்பா. உங்க பார் தானா கிடக்கு. இந்தத் தரையைச் செல்லுகளே கக்கிக் கக்கிப் போடுது. பிள்ளை வளர வளர அதுவும் மாறுது."

அக்கா விடுவாளா? "அப்ப அந்தப் பிள்ளைக்கு எது கெட்டுச்சு? சொல்லு."

"தெரியாது அத்தை. யாருக்குமே இன்னும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லவா உனக்கு மதராசுல சம்பளம் குடுக்கான்?"

எனக்குச் சலிப்பா வந்துச்சு, சலேத்து. மூத்தது போன அன்னைக்கும் நான் "கயிறு காரணமில்ல"ன்னேன். "பின்ன எது?"ன்னு கேட்டுத்தான் என்னை மடக்கினாங்க. நீயும் அதையேதான் கேட்ட. கண்ணை மூடுற வரைக்கும் கேட்ட.

"அக்கா, தெரியலைன்னா தெரியலைன்னு கிடக்கட்டும். தெரியாத எடத்துல எல்லாம் ஒரு பொம்பளையைக் கொண்டு நிறுத்தணுமா?"ன்னேன்.

அக்கா எந்திரிச்சுப் போய் ஜெயமணிக்குக் கஞ்சி வச்சா.

இவ்வளவு பிந்தி வந்த பேச்சு உனக்கு எட்டுமா? அங்கன யாராவது வாசிச்சுச் சொல்வாங்களா?

ஜெயமணிக்குப் பிள்ளை எப்படிப் பிறந்தாலும், "நீ என்ன செஞ்ச?"ன்னு ஒருத்தரையும் அவகிட்டக் கேட்க விடமாட்டேன். மிச்ச மூச்சை அதுக்குத்தான் வச்சிருக்கேன்.

உன் வீட்டுக்காரன்,
நம்ம மூணு பிள்ளைகளுக்கும் அப்பன்.