புவனேசுக்காக நான் போட்ட டிக்

அன்புள்ள சாந்தினிக்கு,

ஏழு மாதம் பேசாமல் இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். இங்கே நானும் உன் தம்பி புவனேசும் இருக்கிறோம், புதிதாக நோய் என்று எதுவும் இல்லை, அங்கே அடிலேய்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உன் அம்மாவும் குளிருக்குக் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் நான் பாதி எழுதுவதற்குள் நீ பதில் போடுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது நின்றுவிடும். தபாலில் வந்தால் முழுவதையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

உன்மேல் எனக்குள்ள வருத்தம் குறையவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநோய் வந்தவர்களைத் திரும்பவும் குளிக்க, சமைக்க, கடைக்குப் போக, வேலை செய்யப் பழக்குவதுதான் ஆக்குபேஷனல் தெரபி என்று நீதான் எனக்கு விளக்கினாய். அந்த வேலையில் இருந்துகொண்டு எங்கோ ஆட்டுப் பண்ணையில் இருக்கிற ஒருவனுக்குத் திரை வழியாக முட்டை பொரிக்கச் சொல்லிக்கொடுக்கிறாய். அதே நோயுள்ள, உன்னோடு பிறந்தவனைப் பார் என்றபோது, சொந்தக்காரங்கள நாங்க பார்க்கக் கூடாதுப்பா, ரூல்ஸ் அப்படி, என்றாய். பிறகு அலோர் ஸ்டாரின் மெர்கோங் பகுதியிலிருந்து ஒரு சேவை அமைப்புக்காக இதே வேலையைச் செய்யும் அனீசாவைத் தேடிக் கொடுத்தாய். அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. அடுத்த மாதமே பிள்ளை பிறந்தது, மூன்று மாதம் என்று சொல்லி அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டாய்.

அவள் போன பிறகு இந்த வீடு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாக்கார் ஆராங்கில் காலை ஏழு மணிக்குள் எங்கள் வரிசையில் எல்லாக் கார்களும் கிளம்பிவிடும், அதற்குமேல் சாயங்காலம்வரை நாய்கள்தான். புவனேஸ் பதினொரு மணிக்கு எழுந்திருப்பான். இரண்டு பேருக்குச் சமைக்கிறேன், இரண்டு பேரும் வேறு வேறு நேரத்தில் சாப்பிடுகிறோம். தர்மலிங்கம் மாமா தன் மகள் பரிசத்துக்குக் கூப்பிட்டார். உன் அம்மாவின் அண்ணன், அதனால் மரியாதையாகத்தான் கூப்பிட்டார். மச்சான், நீங்க மட்டும் வந்தா போதும், பிள்ளைக்குக் கூட்டம் ஒத்துக்காதுலா, என்றார். நான் போகவில்லை. இனி அவர் வீட்டு விசேஷம் எதற்கும் போகப் போவதில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு மட்டும் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளின் குரல் கேட்கும். அன்று மட்டும் அவனை நான் சீக்கிரம் எழுப்பி விடுவேன். கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைப்பேன், அனீசா அதில் வருவாள். எத்தனை மணிக்கு எழுந்தீங்க புவனேஸ் என்று கேட்பாள், அவன் மேசையைப் பார்ப்பான், நான் பதில் சொல்வேன். இரண்டாவது வாரமே, அங்கிள், கேள்வி தம்பிக்குலா, நீங்க ஹால்ல உக்காந்து பேப்பர் படிங்க, என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பு அவள் ஒரு தாள் அனுப்பினாள். எட்டு மணிக்கு எழுவது, குளிப்பது, தன் தேநீரைத் தானே போடுவது, தட்டைக் கழுவுவது, முச்சந்திக் கடைக்குத் தனியாகப் போய் ரொட்டி வாங்குவது. ஐந்து வேலை, ஏழு நாள், முப்பத்தைந்து கட்டம். செய்தால் அவனே டிக் போட வேண்டும், வாரக் கடைசியில் நான் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

முதல் வாரம் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. கூலிமில் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். அங்கே தாளில் காலிக் கட்டம் இருந்தால் அது என் குற்றம். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை என்று எழுதினால் பாதிதான் உண்மை. முன்னேற்றம் இல்லாத இடத்துக்கு எதற்கு வாராவாரம் என்று அனீசாவை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். நீ இல்லாமலும் அவனை நான் ஆளாக்கிக் காட்டுவேன் என்ற வீம்பும் இருந்தது. பேனாவை எடுத்தேன். இருபது டிக் போட்டேன், மறு வாரம் இருபத்தெட்டு. ரொட்டியை நான் வாங்கினேன், தேநீரை நான் போட்டேன், தட்டையும் நான்தான் கழுவினேன். ஆறு வாரம் இப்படியே போயிற்று. உன் அம்மா தொலைபேசியில், புள்ள தனியா கடைக்குப் போறானாமே, என்று அழுதாள். நான் மறுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் திரும்பி வருவதை மறுபடியும் தள்ளிப்போட்டாள் என்பது உனக்கும் தெரியும்.

தாளை நம்பி அனீசா அடுத்த படிக்குப் போனாள். நம் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஈசா பாயிடம் பேசி, காலையில் இரண்டு மணி நேரம் வெங்காயம் உரிக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். திங்கட்கிழமை அவனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்துக் காரில் கொண்டுபோய் விட்டேன். ஒரு மணி நேரத்தில் ஈசா பாய் அழைத்தார். அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க, தம்பி பயந்துட்டாப்ல, வந்து கூட்டிட்டுப் போங்க, என்றார். போய்ப் பார்த்தால் கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் குந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான். கடைப் பையன்கள் ஆர்டர் கத்துவதை நிறுத்திவிட்டு, மேசை மேசையாகப் போய் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. காரில் வரும்போது அவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். நான் போறேன்னு சொல்லவே இல்லயேப்பா.

மறுநாள் அனீசா அழைத்தாள். ஆறு வாரம் இவ்வளவும் செய்தவர் ஒரே நாளில் இப்படி ஆகிவிட்டார் என்றால் நோய் திரும்புகிறது என்று அர்த்தம், வியாழக்கிழமை மாத ஊசிக்குப் போகும்போது மருந்தைக் கூட்டுவது பற்றி டாக்டரிடம் பேசச் சொல்லி எழுதித் தருகிறேன் என்றாள். போன தடவை மருந்தைக் கூட்டியபோது அவன் நாக்கு தடித்து, வாயில் எச்சில் வடிய, பகலெல்லாம் சுவரைப் பார்த்தபடி கிடந்தது உனக்கு நினைவிருக்கும். நான் போட்ட பொய்க்கு அவன் உடம்பில் கூடுதல் ஊசி ஏறவிருந்தது. சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை.

புதன்கிழமை அவள் திரையில் வந்ததும், ஹாலுக்குப் போகாமல் அங்கேயே நின்று, உன்னை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து அந்த டிக்கெல்லாம் நான்தான் போட்டேன் என்று சொன்னேன். அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அனீசா நான் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிறகு, அப்ப ஆறு வாரமா நான் அவரப் பார்க்கவே இல்ல, உங்களைத்தான் பார்த்திருக்கேன் அங்கிள், என்றாள். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். டாக்டருக்கு எழுதுனத மாத்திடுறேன், கட்டம் காலியா இருந்தா உங்களை நாங்க விட்டுட்டுப் போயிடுவோம்னு யார் சொன்னா, என்றாள். யாரும் சொல்லவில்லை. புவனேஸ் என்னைப் பார்த்தான், எனக்குத் தெரியும்பா, பேனா சத்தம் கேட்கும், என்றான். பிறகு அவளிடம், அக்கா, அந்த ரொட்டி எனக்குப் பிடிக்காது, அதுக்கெல்லாம் கடைக்குப் போக மாட்டேன், என்றான். என்ன பிடிக்கும் என்று அவள் கேட்டாள். ஐஸ் கச்சான் என்றான், சீவிய பனிக்கட்டியில் பாகும் பயறும் போட்டுத் தருவார்களே, அது. ஏழு மாதத்தில் அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் விருப்பம் அது. புதிய தாளில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் வீட்டு வாசல் கேட்டு வரைக்கும் தனியாக நடப்பது. வியாழக்கிழமை ஊசி பழைய அளவுதான் போட்டார்கள். நேற்று கேட்டு வரை போனான், இன்று போகவில்லை. கட்டம் காலியாகவே இருக்கிறது, நான் தொடவில்லை.

உன் அம்மாவிடம் இதை நான் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை வாயைத் திறந்தேன், அவள் பேரன் தவழ்வதைக் காட்டினாள், மூடிக்கொண்டேன். நீ சொல். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல், நான் செய்தது என்றே சொல். அவளை அனுப்பு என்று நான் எழுதவில்லை. தெரிந்த பிறகும் அங்கே இருக்கிறாள் என்றால் இருக்கட்டும், ஆனால் என் பொய்யை நம்பி இருக்க வேண்டாம்.

அவளுடைய பிரஷர் மாத்திரை காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு. கேட்டால் போட்டுவிட்டேன் என்பாள், நம்பாதே, அட்டையை எடுத்துப் பார். பேரனைக் குளிரில் தலை மூடாமல் வெளியே கொண்டுபோகாதே. நீங்கள் நால்வரும் குறைவில்லாமல் வாழ வேண்டும், அதில் எனக்கு வருத்தமோ கோபமோ கிடையாது.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். இனி எனக்கு மகள் இல்லை, என்னை அப்பா என்று கூப்பிடாதே என்று ஏழு மாதத்துக்கு முன்பு, அம்மாவை நீ கூப்பிட்டுக்கொண்டபோது, உன்னிடம் சொன்னவன் நான்தான். அதை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை, பெற எனக்குத் தெரியவும் இல்லை. அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு 'உன் அப்பா' என்று எழுதக் கை வரவில்லை, வேறு எந்தப் பெயரில் எழுதினாலும் உனக்கு நான் யாரோதான். ஆகவே கீழே ஒன்றும் எழுதாமல் உறையை ஒட்டுகிறேன். நாளைக் காலை தபால் நிலையம் திறந்ததும் இப்படியே போட்டுவிடுவேன்.