மைக்கை அணைக்க மறந்த அப்பா

அன்புள்ள பெரியவனுக்கு,

நாங்கள் மூவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால்கூட இந்த வாரம் முணுமுணுக்கவில்லை. உன் இருமல் விட்டதா என்பதைப் பதிலின் முதல் வரியிலேயே எழுது, கடைசி வரியில் ஒளிக்காதே. தங்கச்சி பட்டம் வாங்கிவிட்டாள். எங்கள் பத்திரிகையில் அந்த விழாவுக்கு நான்கே வரி, அதுவும் வேறொருவர் எழுதியது. சொந்த வீட்டுச் செய்தியை நிருபர் எழுதக் கூடாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மீதியை உனக்கு எழுதுகிறேன்.

சிறப்புரைக்கு யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? பெண்கள் விடுதிக்குப் பின்னால் இருந்த ஏரியை மூடி அடுக்குமாடி எழுப்பினாரே, அந்தக் கட்டட முதலாளியை. தலைப்பு, 'இயற்கையைப் போற்றுவோம்'. ஏரி போன பிறகு பெய்த இரண்டு மழைக்கும் விடுதியின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர், பரீட்சை நாட்களில் அங்கே தங்கிய உன் தங்கை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தவள். ஆளை மாற்றச் சொல்லி மாணவர்கள் மூன்று முறை மனு கொடுத்தும் பதிவாளர் அசையவில்லை. அந்த ஆள் கையால வாங்குறதுக்கு நான் தபால்லயே வாங்கிக்கிறேன் என்று இவள் சாப்பாட்டு மேசையில் அறிவித்துவிட்டாள். அப்பா தட்டைப் பார்த்தபடியே, இருபத்து மூணு வருஷமா ஊரார் பிள்ளைங்க பேருக்கெல்லாம் அந்த மண்டபத்துல மைக் போட்டேன், என் பொண்ணு பேரை ஒரு தடவை கேக்கக் கூடாதா என்றார். இரண்டு நாள் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள், உப்பு கேட்பதற்குக்கூட. மூன்றாம் நாள் இவள், மேடைக்கு வர்றேன், ஆனா வாயை மூடிக்கிட்டு வருவேன்னு மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லிடும்மா என்றாள். அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

விழாவில் முதலாளி எழுந்து வணக்கம் என்றார், மாணவர்கள் கை தட்டினார்கள். தட்டியவர்கள் நிறுத்தவே இல்லை. கூச்சல் போட்டால் வெளியே தள்ளலாம், கை தட்டுகிறவனை எந்தக் காவலாளி என்ன செய்வான்? முதல் இரண்டு நிமிடம் மனிதர் பூரித்துப்போய் நாலாபக்கமும் கும்பிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மொத்தம் ஏழு நிமிடம். சற்று ஓய்ந்த நேரத்தில் அவர் துணைவேந்தர் பக்கம் குனிந்து, என்னய்யா, என்மேல இவ்ளோ பாசமா இவங்களுக்கு என்று கேட்டது மைக்கில் விழுந்துவிட்டது. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. விஷயம் புரிந்ததும் அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவர் கையாலேயே பட்டம். இன்னொரு தடவை இப்படி ஆகக் கூடாது, ஒவ்வொரு பெயரையும் வாசித்ததும் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்று அப்பாவுக்குப் பதிவாளரின் உத்தரவு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அப்பா சரியாக அணைத்தார். அடுத்த பெயர் இவளுடையது. ஒலிபெருக்கியில் அதைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவள் பட்டத்தை வாங்கிக்கொண்டு, சார், அடுத்த மழைக்கு எங்க ஹாஸ்டலுக்கு வாங்க, பேன்ட்டை மட்டும் முழங்காலுக்கு மேல மடிச்சுக்கிட்டு வாங்க என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. அவர் தடுமாறி, வர்றேம்மா, கண்டிப்பா வர்றேன் என்றார், அதுவும் கேட்டது. ஆயிரத்து இருநூறு சாட்சிகள்! இந்த முறை தட்டியது உண்மையான கைதட்டல். திங்கட்கிழமை அவருடைய பொறியாளர் வந்து வடிகாலுக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார். தோண்டினால்தான் நான் நம்புவேன்.

பதிவாளர் அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார். பொண்ணைப் பார்த்துட்டே நின்னுட்டேன் சார், மறந்துட்டேன் என்றாராம். எந்தத் தகப்பனை அதற்கு மேல் கேட்க முடியும்? இருபத்து மூன்று வருடத்தில் ஒரு பொத்தானை மறக்காத மனிதர். நானும் நிருபர் ஆயிற்றே, மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதே பதில்தான். மூன்றாம் முறை மட்டும் உப்பை எடுத்து என் பக்கம் நகர்த்திவிட்டுச் சிரித்தார்.

அடுத்த மாதம் உன் பட்டமளிப்பு. யார் பேசினாலும் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார், உன் பேரை வாசிக்கும்போது யாரிடமாவது சொல்லிப் பதிவு செய்து அனுப்பு, அப்பா ஒலியைச் சரிபார்க்க வேண்டுமாம். மருந்தை நிறுத்தாதே. நீ நன்றாக இருப்பாய் கண்ணா.

ஆசிகளுடன்,
அம்மா