பாதித் துணிகள்

பிப்ரவரி 3

ஒன்பது மாதத்தில் முதல் நல்ல எண். தவிட்டுக் கரைசலில் வளர்த்த பாக்டீரியா கடைசியில் மனம் இரங்கி நொதியைக் கொடுத்துவிட்டது. ஐம்பது டிகிரியில் உச்ச வேகம். இனி ரத்தக் கறையைப் போக்குகிறதா என்று பார்க்க வேண்டும். கறிக்கடையில் வாங்கிய ஆட்டு ரத்தம் வழியிலேயே உறைந்து தொலைந்தது. "கறையே இல்லாம என்னத்தை வெளுக்கப் போறீங்க?" என்கிறார் பேராசிரியர். எரிச்சல்.

பிப்ரவரி 6

அக்காவுக்கு மூக்கில் ரத்தம். "சூடுடா, வேறொண்ணும் இல்ல. துணிக்கூடையில அம்மா பாத்தா வீட்டை ரெண்டாக்கிடுவா. ஆட்டைத் தேடி நீ ஏன் அலையற? இங்க ஓசியில கெடைக்குது, எடுத்துக்கோ" என்று கைக்குட்டையை என்மேல் எறிந்தாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

இரண்டாக வெட்டினேன். நொதியில் ஊறிய பாதி இருபது நிமிடத்தில் பளிச்சென்று வெளுத்தது. வெறும் தண்ணீரில் ஊறியது பழுப்பாகவே நின்றது. ஒப்பிட்டுக் காட்ட அதை உலர்த்தி, தேதி எழுதி, கவரில் போட்டேன்.

பிப்ரவரி 11

பழைய வெள்ளைப் போர்வையைக் கிழித்துச் சதுரங்களாக வெட்டி அக்காவிடம் ஒரு கட்டு கொடுத்தேன். இனிக் கூடையில் எதுவும் விழாது. அம்மாவும் நிம்மதி, நானும் நிம்மதி.

பிப்ரவரி 27

இரண்டு நாளாக ஒன்றும் இல்லை. காலையில், "என்னக்கா, சரக்கு வரலியா?" என்றேன்.

"போடா, நான் என்ன குழாயா?"

மார்ச் 10

ஒரே நாளில் மூன்று. அட்டவணை நிரம்பிவிட்டது. பேராசிரியர் முதுகில் தட்டினார். ரத்தம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 14

அக்கா குளியலறையில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனை.

"எத்தனை நாளா ரத்தம் வருது?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு வாரம் இருக்கும்" என்றாள் அக்கா. அம்மா வெளியே வராந்தாவில் இருந்தாள். பையிலிருந்து என் ஆய்வுக்கூட நோட்டை எடுத்து நீட்டினேன். பதினேழு துணிகள், எல்லாவற்றுக்கும் தேதி. டாக்டர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

"நல்லா ஒழுங்கா எழுதியிருக்கீங்க" என்றார்.

மார்ச் 16

ரத்தப் புற்றுநோயாம்.

ஒவ்வொரு துணியையும் கைநீட்டி வாங்கினது நான்தானே? எண் போட்டேன், தேதி போட்டேன் — ஒரு தடவையாவது அவ முகத்தைப் பாத்தேனா? சரக்கு வரலியான்னு கேட்டேனே. பாவி.

மார்ச் 29

அக்காவுக்கு இன்று கொஞ்சம் பேச முடிந்தது. "துணி விஷயத்தை அம்மாகிட்ட சொல்லிடாதடா. உன்னைக் கொன்னுடுவா." அவளுக்கு என்னைப் பற்றித்தான் கவலை.

ஏப்ரல் 9

அக்கா போய்விட்டாள்.

மே 2

அம்மா தினமும் இதையே கேட்கிறாள். "அவ துணியெல்லாம் நான்தானே துவைச்சேன்? ஒரு சொட்டு ரத்தம்கூட கண்ணுல படலியே. நான் என்ன குருடியா?" சாப்பிடும்போதும் கேட்கிறாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

மே 5

சொல்லிவிட்டேன். கவரைப் பிரித்துப் பதினேழு பாதித் துணிகளையும் அம்மா முன்னால் வைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

அம்மா தேதிகளைப் படித்தாள். "பத்தாம் தேதி மூணா? அன்னைக்குத்தானே அவளுக்குத் தலை பின்னி விட்டேன். சிரிச்சுட்டே உக்காந்திருந்தாளே" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் எடுத்துப்போய் வாளியில் ஊறவைத்தாள்.

"பழைய கறைம்மா. சோப்புக்குப் போகாது. ஆய்வுக்கூடத்துலேருந்து நொதி கொண்டு வரட்டுமா?"

"வேணாம். இதெல்லாம் நான் துவைச்சிருக்க வேண்டியது."

ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினேன். கறை போகவில்லை. பதினேழையும் பிழிந்து கொடியில் காயப்போட்டோம்.