வேலிக்கு அந்தப்பக்கம் நான் அனுப்பிய தூசி

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தே சுகம் விசாரிக்கிற என் பரமேஸ் அக்காவுக்கு,

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்தொரு நாள். வெலிங்டனிலிருந்து உங்கள் மகன் ரவி வந்து வீட்டை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வாடகைக்கு ஒரு சமோவாக் குடும்பம் வரப்போகிறதாம், ஐந்து பிள்ளைகளாம். உங்கள் கறிவேப்பிலைச் சட்டியை என் மனுசி யோகம் இரவல் கேட்காமலே எங்கள் பக்கம் தூக்கி வந்துவிட்டாள். அது களவா, பராமரிப்பா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்ச் சங்கத்து மடலில் உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். "சிவம், நீர்தான் பகிடியா எழுதுவீர், அவவுக்கும் பகிடி விருப்பம்" என்றார்கள். ஓ லெவல் சோதனையை இரண்டு தரம் எடுத்தும் கரை சேராதவன் நான். எனக்கு நாலு வரியே பெரிய காரியம். ஆனால் எழுதக் குந்தினால் நாலு வரியில் அடங்குகிற விஷயமாக அது இல்லை.

அக்கா, அந்த மண் என்னுடையது.

மடலை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமே, முதலிலிருந்து சொல்கிறேன். கிழமை நாட்களில் எனக்குப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை என்றால் வீட்டுக் கராஜ்தான் என் இராச்சியம். துருப்பிடித்த கார் ரிம், இரும்புக் கேற், யாராவது கொண்டுவருகிற பழைய கட்டில் கால், எல்லாவற்றையும் சுத்தமாக்கிக் கொடுப்பேன். கொம்பிறசரில் காற்றை அடைத்து, அந்தக் காற்றோடு மணலைக் குழாயால் பீச்சி அடித்தால் துரு கழன்று இரும்பு வெள்ளி மாதிரி வரும். கடற்கரையில் அள்ளிய மணலை, யோகத்தின் மா அரிதட்டைக் களவெடுத்து அரித்து வைத்திருந்தேன்.

அந்த மணல் இரும்பில் மோதி மாவாய் உடையும். அரை மணி நேரம் அடித்துவிட்டு வெளியே வந்தால் நான் இடியப்ப மாவில் புரட்டி எடுத்த ஆள் மாதிரி இருப்பேன். மூக்குக்கு ஒரு லேஞ்சி கட்டியிருப்பேன், அதுதான் என் பாதுகாப்பு. தூசி குசினிக் கதவுக்குள்ளாலும் வந்தது. "அரிசிப் பானைக்குள்ளயும் உங்கட தூசி. இந்த வீட்டில ஒண்டில் நான் இருக்கிறன், இல்லாட்டி அது இருக்கட்டும்" என்றாள் யோகம்.

எனவே நான் தூசியைக் கட்டுப்படுத்தினேன். எப்படி? இடித்துக் கட்டுகிற ஒரு சாப்பாட்டுக் கடையில் பெரிய ஃபான் ஒன்று கிடந்தது, குசினிப் புகையை இழுத்து வெளியே தள்ளுகிற சாமான். அதைக் கொண்டுவந்து கராஜின் பின் சுவரை வெட்டிப் பூட்டினேன். போட்டால் ஐந்து நிமிடத்தில் கராஜுக்குள் ஒரு பொட்டுத் தூசி இல்லை. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். அந்தத் தூசி எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை. வெளியே போகிறது. வெளி என்றால் கடவுளுடையது என்று நினைத்திருந்தேன் போல.

பின் சுவருக்கு அடுத்தது பலகை வேலி. வேலிக்கு அடுத்தது உங்கள் பதிந்த கொட்டிலின் தகரக் கூரை. அந்தத் தகரத்தில் வடகமும் மோர் மிளகாயும் காயப் போடச் சொன்னதே நான்தான், நினைவிருக்கிறதா? ஃபான் பூட்டுவதற்கு முந்தின கோடையில். "அக்கா, அதில போடுங்கோ. காத்துப் படாது, பின்னேரம் வரைக்கும் வெயில் நிக்கும்" என்று ஏணியும் பிடித்தேன். வேப்பம்பூ இல்லாத நாட்டில் லீக்ஸை அரிந்து உழுத்தம்மாவோடு பிசைந்து வடகம் போட்ட மனுசி நீங்கள். ஒக்லண்ட் வெயிலை நம்பிய ஒரே தமிழ்ச்சனம் நீங்களாகத்தான் இருக்கும். ஒரு முகில் கறுத்தால் போதும், "தம்பி, மழை வருது, ஓடி வாரும்!" என்று வேலிக்கு அங்காலிருந்து சத்தம் கேட்கும். எத்தனை தரம் ஓடி வந்து வடகம் பரப்பிய சீலையின் மற்ற மூலையைப் பிடித்திருப்பேன்! ஓடி வந்தவனின் கண்ணுக்கு அந்த ஃபானின் வாய் ஏன் தெரியவில்லை?

ஃபான் பூட்டிய பிறகு வந்த தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோரும் பந்தியில் இருக்கிறோம். நீங்கள் பெரிய தட்டில் பொரித்த வடகமும் மிளகாயும் கொண்டு வந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு போனீர்கள். முதலில் ஒரு "நறுக்". பிறகு மண்டபம் முழுக்க நறுக் நறுக். ராசம்மா மாமி வாயிலிருந்து எதையோ விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"பரமேஸ், மிளகாயை மோருக்க ஊறப் போட்டனீரோ, மண்ணுக்க ஊறப் போட்டனீரோ?"

"ஐயோ, ரெண்டு தரம் கழுவினனான் அக்கா."

"அப்ப மூண்டாந்தரம் நாங்கள் வாய்க்குள்ள கழுவிறம்."

என் வாயிலும் ஒரு துண்டு இருந்தது. கடித்த உடனேயே எனக்குத் தெரியும் அக்கா. ஒவ்வொரு சனிக்கிழமையும் கராஜ் குழாயடியில் கொப்பளித்துத் துப்புகிற அதே மண். அந்த நெறுநெறுப்பை உலகத்தில் என்னை விட நன்றாக அறிந்தவன் இல்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் ஏதாவது சொல்லுவேன் என்று. நான் எழும்பி நின்றேன். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஒரு வரி. அதற்குப் பதிலாக என் பாழாய்ப்போன வாய் சொன்னது:

"அக்காவை ஒருத்தரும் பேசாதேங்கோ! ஊரை நினைச்சு அழுகிற ஆக்களுக்கெண்டு அவ ஊர் மண்ணையே பொரிச்சுக் கொண்டு வந்திருக்கிறா!"

மண்டபம் இடிந்தது. ஒருவருக்கு ரசம் மூக்கால் வந்தது. நீங்களும் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு மிச்சத் தட்டைக் கடதாசியால் மூடிக் கதிரைக்குக் கீழே தள்ளினீர்கள். அதை நான் பார்த்தேன்.

என் மகள் மாலினி பக்கத்தில் இருந்தாள், அப்போது பத்து வயது. "அப்பா, இது எங்கட கராஜ் டஸ்ட் தானே?" என்று மெல்லக் கேட்டாள். நான் அவளுடைய கையை மேசைக்குக் கீழே அமர்த்திப் பிடித்து, "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்றேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்காத பாடத்தை நான் அந்த மேசையில் கற்றுக்கொடுத்தேன்.

பகிடி ஒட்டிக்கொண்டது. "ஊர் மண் வடகம்" என்றால் எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதச் சங்கச் சாப்பாட்டுக்கு உங்களைச் சமைக்கச் சொல்லாமல் கடதாசித் தட்டு அடுக்க விட்டார்கள். அதற்கடுத்த மாதமும்.

பிறகு ஒரு நாள் வேலிக்கு மேலால் கேட்டீர்கள், "தம்பி, கண் டொக்டரிட்ட என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவீரே?"

"ஏன் அக்கா, என்ன செய்யுது?"

"கழுவினனான் எண்டுதான் நினைக்கிறன். ஆனா மண் கிடந்திருக்கு, எனக்குத் தெரியேல்லையே. கண் போகுதாக்கும்."

காரில் போகும்போது சிவப்பு விளக்கில் நின்றோம். "இல்லை அக்கா, அது என்ர தூசி" என்று சொல்ல அந்தச் சிவப்பு போதும். வாயைத் திறந்தேன். விளக்கு பச்சையானது. பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்தான். எனக்கு அது நல்ல சாட்டாகப் போயிற்று.

டொக்டர் உங்கள் கண் நல்ல கண் என்றார். வாசிக்க மட்டும் ஒரு கண்ணாடி எழுதித் தந்தார். திரும்பி வரும்போது, "வெள்ளைக்காரனுக்கு எழுத்துப் பாக்கத் தெரியும், மிளகாயில மண் பாக்கத் தெரியுமே?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். அதற்கும் சிரித்தேன் அக்கா! அதன் பிறகு அரிசி புடைத்தாலும் சுளகைத் தூக்கிக்கொண்டு எங்கள் படியடிக்கு வருவீர்கள். "யோகம், கல்லுக் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாரும் பிள்ளை." ஒரு கல்லும் இருந்ததில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நானே என்னைப் பல தரம் கேட்டிருக்கிறேன். பயம் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உண்மை அதை விடக் கேவலம். அந்தப் பகிடிக்குக் கிடைத்த சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தூசியை நிற்பாட்டினேன். ஃபானை அந்தப் பொங்கல் சாப்பாட்டுக் கிழமையே கழற்றினேன். தொழிற்சாலையில் பெயின்ற் அடிக்கிற ஒருவர் முன்பு இரும்பு உருக்கி வார்க்கிற ஆலையில் இருந்தவர், படியேறினால் இளைப்பார். அவரிடம் கேட்டேன். "கண்ணுக்குத் தெரியிற தூசி கீழே விழும். தெரியாததுதான் நெஞ்சுக்குள் போய்க் குந்தும். முதலில் அந்தக் கடற்கரை மணலைக் கொட்டு" என்றார். கொட்டினேன். கார்னெட் என்று சிவப்பாக ஒரு மணல் விற்கிறார்கள், அவ்வளவு இலேசில் உடையாது, அதை வாங்கினேன். பழுதான ஃபிறிஜ் ஒன்றைப் படுக்கப்போட்டு, கதவில் கண்ணாடி வைத்து, முன்னுக்கு இரண்டு ஓட்டை வெட்டி நீளக் கை உறை பூட்டினேன். சாமானை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, உறைக்குள் கையை விட்டு அடிக்க வேண்டும். விளிம்பெல்லாம் கார்க் கதவு இறப்பர். உள்ளே இருக்கிற காற்றை ஒரு குழாய் இழுத்து, தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் விடும். தூசி தண்ணீரில் செத்துப்போகும். மாலையில் அந்தத் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். மூக்குக்கும் லேஞ்சி போய், இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த இறப்பர் முகமூடி வந்தது.

சரியா என்று பார்க்க உங்கள் தகரத்தில் ஒரு கறுப்புத் துணி விரித்தேன். "கூரை ஒழுகுதோ எண்டு பாக்கிறன் அக்கா" என்று அதற்கும் ஒரு பொய். இரண்டு சனிக்கிழமை கழித்து எடுத்து உதறினேன். ஒன்றுமில்லை. சங்கத் தலைவர் வந்து ஃபிறிஜைப் பார்த்து, "சிவத்துக்கு நல்ல மூளை" என்றார். நான் தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

நீங்கள் ஒரு நாள் கேட்டீர்கள். "தம்பி, அந்த ஃபான் சத்தம் இப்ப கேக்கிறேல்லையே?"

"பழுதாப் போட்டுது அக்கா."

"ஓ. நல்லது."

சொல்லிவிட்டு வேலியில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தீர்கள். என்ன நல்லது அக்கா? உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் நான் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றீர்களா? "இனி வடகம் போடுங்கோவன், வெயில் நல்லாக் கிடக்கு" என்றேன். "வேண்டாம் தம்பி. இந்தக் கண்ணோட ஆக்களுக்குச் சாப்பாடு குடுக்கப்படாது" என்றீர்கள். தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லுவீர்களா? இரண்டு கோடை அந்தத் தகரம் வெறுமனே கிடந்தது.

செத்த வீட்டில் உங்களைப் பற்றிப் பேசினவர்கள் கடைசியில் அந்த வடகத்தில்தான் வந்து நின்றார்கள், அன்போடுதான். "சிவம், நீரே சொல்லும், அது உம்மட பகிடி." நான் எழும்பினேன். உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைத் திரும்பவும் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டுப் பெட்டியின் விளிம்பைப் பிடித்தேன். துக்கம் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டு வந்து தந்தார்கள்.

வாசலில் ரவி என் கையைப் பிடித்தான். "அம்மாக்குக் கடைசியில கண் சரியில்லை மாமா. நீங்கள்தான் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனீங்கள் எண்டு அம்மா ஒவ்வொரு போனிலயும் சொல்லுவா. பெரிய உபகாரம்." அந்தப் பிள்ளை எனக்கு நன்றி சொன்னான் அக்கா.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. முந்தாநாள் யோகத்திடம் சொன்னேன். பேசுவாள் என்று பார்த்தேன். அவள் போய்க் கடதாசியும் பேனையும் எடுத்து வந்து முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மாலினிக்குத் தமிழ் எழுத்து இன்னும் தடக்கும். இதை அவளுக்கு நானே வாசித்துக் காட்ட வேண்டும். மண்டபத்தில் எல்லோரும் அறிவதை விட அதுதான் எனக்குப் பெரிய பயம்.

நேற்று வெலிங்டனுக்குப் போன் எடுத்தேன். ஃபான், தகரம், வடகம், சிவப்பு விளக்கு, ஒன்றும் விடாமல் சொன்னேன். ரவி ஒன்று மட்டும் கேட்டான்.

"அப்ப, அம்மாக்குக் கண் தெரிஞ்சதோ?"

"தெரிஞ்சது தம்பி. கடைசி மட்டும் வடிவாத் தெரிஞ்சது."

அவன் அழுதான். என்னைப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மடல் வாசிக்காதவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். ஆகையால் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் இருந்த பிறகு, ஒருவரும் சோற்றில் கை வைக்க முதல் நான் எழும்புவேன். பரமேஸ் அக்கா இரண்டு தரம் கழுவினவ, அவவின் கையும் சுத்தம், கண்ணும் சுத்தம் என்று சொல்லுவேன். பகிடி விடமாட்டேன். என் முகத்தைக் கண்ட பழக்கத்தில் யாராவது சிரிப்பார்கள். சிரித்து முடியும் வரைக்கும் நின்று, திரும்பவும் முதலிலிருந்து சொல்லுவேன்.

கூடப் பிறக்காத, ஆனாலும் நீங்கள் விட்டுக்கொடுக்காத உங்கள் தம்பி,
சிவலிங்கம்
பிளாக்ஹவுஸ் பே