அண்ணனுக்கு ஆதரவு இருக்கிறது

பம்பாய்

அன்புள்ள கமலவேணிக்கு வேணுகோபால் எழுதுவது. நான் சுகம். நீயும், கைகால் விழுந்து கிடக்கும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அண்ணனுக்காக ஆதரவற்றோர் பணம் கேட்ட மனு தள்ளுபடி என்று எழுதியிருந்தாய். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கெடுத்தவன் நான்தான். லீவில் காஞ்சிபுரம் வந்திருந்தபோது, நீ தண்ணீருக்குப் போன நேரம் ஆபீஸ்காரர் விசாரிக்க வந்தார்.

"யாருய்யா இவர பாத்துக்கிறது?"

"என் வூட்டுக்காரிதான் சார். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, மாப்பிள்ள மாதிரி வெச்சிக்கினு இருக்குது பாருங்க!"

"அப்ப ஆதரவு இருக்குது" என்று எழுதிக்கொண்டார். உன்னை மெச்சுகிறார் என்று நினைத்து நான் காபி வேறு வாங்கிக் கொடுத்தேன்.

அண்ணனை நீ கைவிட்டிருந்தால் சர்க்கார் பணம் தந்திருக்கும். பார்த்துக்கொள்கிறவளுக்கென்று கேட்க ஒரு மனுவே கிடையாதாம். அந்தப் பணத்தில் ஒத்தாசைக்கு ஆள் வைத்து, உன் இடுப்புக்கு வைத்தியம் பார்க்கலாம் என்றிருந்தேன். இனி என்ன செய்வதென்று தெரியவில்லை கமலா.

மூக்குக்கண்ணாடிக் காம்பு ஒடிந்துவிட்டது. கட்டிக்கொள்ள நம் தறியில் மிஞ்சிய பட்டுநூல் கொஞ்சம் உறையில் வைத்து அனுப்பு. நூல் மில்லில் இருப்பவன் நூல் கேட்கிறான் என்று சிரிக்காதே.

தபாலில் போட முருகேசன் நிற்கிறான், முடிக்கிறேன். அறையில் என்னோடு இருப்பவன். அண்ணனைத் தினமும் எப்படித்தான் தூக்குகிறாய் என்று அறிய இவனைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது இவன்தான் என்னைப் புரட்டிப் படுக்க வைக்கிறான்.